பினாங்கில் தமிழ் மாணவர்: வளாக வாழ்வும் பட்டத்திற்குப் பிந்திய வழிகளும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் மாணவரிடம் 'அடுத்து என்ன செய்ய எண்ணியிருக்கிறீர்?' என்று வினவுவது ஆசிரியர்களாகிய நம்மிடையே வழக்கமாகிவிட்ட ஒன்று. 'ஆசிரியர் வேலைக்கு மனுச் செய்திருக்கிறேன்', 'தொழிற்சாலையில் கேட்டிருக்கிறேன்', 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்னும் மூன்றனுள் ஒன்றே பெரும்பாலும் விடையாக அமையும். அவ்விடையை மாணவரின் தனிப்பட்ட விருப்பம் என்றோ, ஊக்கக் குறைவு என்றோ நாம் கொள்வதுண்டு. ஆயின், அவர் தேர்ந்தெடுப்பதாகத் தோன்றும் வழிகள் பலவும் அவர் பிறப்பதற்கு முன்பே வகுக்கப்பட்டவை. எந்த ஊரில் எந்தக் கல்விக்கூடம் எழுப்பப்பட்டது, எது எழுப்பப்படவில்லை என்பதே அவ்வழிகளை வகுத்தது எனலாம்.

இதனை ஆராய்வதற்குப் பினாங்கு பொருத்தமான களமாகும். 1816ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுனில் தொடங்கப்பெற்ற பினாங்கு பிரீ ஸ்கூலின் தமிழ் வகுப்பையே இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொள்வது மரபு. அம்மரபின்படி 2016ஆம் ஆண்டு தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டாகக் கொண்டாடப்பெற்றது. அதே தீவில் 1969ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழகம் ஒன்றும் இயங்கி வருகிறது. எனினும், தமிழைத் தனித்துறையாகக் கற்றுப் பட்டம் பெற விரும்பிய பினாங்கு மாணவர் தீவைவிட்டு வெளியேற வேண்டியவராகவே இருந்து வந்துள்ளார். தமிழ்க்கல்வி தொடங்கிய மண்ணில் தமிழுக்கெனப் பல்கலைக்கழகத் துறை அமையாமை, அம்மண்ணின் மாணவரது வளாக வாழ்வையும் பட்டத்திற்குப் பிந்திய வாழ்வையும் எவ்வாறு உருவாக்கியது என்பதை இக்கட்டுரை காலமுறையில் ஆராய முற்படுகிறது.

பள்ளியிலிருந்து எழுத்தர் மேசைக்கு

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றத்தைத் தொடங்கிய முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், பாதிரியார் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் 1816 அக்டோபர் 21ஆம் நாள் பினாங்கு பிரீ ஸ்கூலைத் தோற்றுவித்தார். தென்கிழக்காசியாவின் பழைமையான ஆங்கிலப் பள்ளிகளுள் இது ஒன்று. 1852இல் செயின்ட் சேவியர் கல்விக்கூடமும் எழுந்தது. பிரீ ஸ்கூலின் தமிழ் வகுப்போ நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆங்கிலக் கல்விக்கு அரசு அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் வேலை காத்திருந்தது; தமிழ் வகுப்பின் முடிவில் அவ்வாறான வேலை ஏதும் காத்திருக்கவில்லை. படிப்பைப் படிப்பிற்குப் பிந்திய வாழ்க்கையே தீர்மானிக்கும் நிலையை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காண்கிறோம்.

ஆங்கிலப் பள்ளியில் பயின்ற தமிழ் மாணவருக்கு அன்று திறந்திருந்த வழிகள் சிலவே. சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வில் தேறியவர் துறைமுகம், இரயில்வே, அஞ்சல், சுங்கம் ஆகிய துறைகளில் எழுத்தராகலாம், தோட்டத்தில் கிராணியாகலாம், பள்ளியில் ஆசிரியராகலாம். அதற்கு அப்பாற்பட்ட உயர்கல்விக்கு 1885இல் நீரிணைக் குடியேற்ற அரசு ஏற்படுத்திய அரசி உபகாரச் சம்பளம் ஒரு வாயிலாக அமைந்தது. ஆனால், அது ஆண்டுக்கு ஓரிருவருக்கே கிட்டக்கூடியதாக இருந்தது. பிரீ ஸ்கூல் மாணவரான வூ லியன் தே 1896இல் அதனைப் பெற்றுக் கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்றார். 1910-11இல் மஞ்சூரியாவில் பரவிய நுரையீரல் கொள்ளை நோயைக் கட்டுப்படுத்தி உலகப் புகழ் எய்தினார். அத்தகைய வெற்றிகள் பள்ளியின் பெருமையாகப் பேசப்பட்டன. வகுப்பில் உடன் பயின்ற மற்றவர்களுக்கோ எழுத்தர் மேசையே எல்லையாக இருந்தது.

இவ்வாயில்கள்கூடத் தமிழருள் ஒரு பகுதியினருக்கே உரியவையாக இருந்தன என்பதையும் இவண் குறிப்பிட வேண்டும். தலைநிலத்திலுள்ள செபராங் பிறையில், பத்து காவான், நிபோங் திபால் வட்டாரக் கரும்புத் தோட்டங்களிலும் பின்னர் இரப்பர்த் தோட்டங்களிலும் உழைத்த தமிழரின் பிள்ளைகள் தோட்டப்பள்ளிகளையே நம்பியிருந்தனர். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் உள்ள தோட்டங்கள் பள்ளி அமைக்க வேண்டுமெனக் கட்டளையிட்டது. எனினும், அப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. ஆகவே பினாங்குத் தமிழ் மாணவர் என்னும் சொல் தொடக்கத்திலிருந்தே இருவேறு உலகத்தினரைக் குறித்தது: நகரத்து ஆங்கிலப் பள்ளி மாணவர் ஒருவர், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி மாணவர் மற்றொருவர். இவ்விருவரும் ஒரே வளாகத்தில் சந்திக்க நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தீவைவிட்டு வெளியேறிய காலம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவின் உயர்கல்வி சிங்கப்பூரில் குவிந்தது. 1905இல் அங்கு மருத்துவக் கல்லூரியும், 1928இல் இராஃபிள்ஸ் கல்லூரியும் தோன்றின. இவ்விரண்டையும் இணைத்து 1949 அக்டோபரில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் உருவாயிற்று. பினாங்கு மாணவர் படகேறித் தலைநிலத்தை அடைந்து, பிறை நிலையத்தில் இரயிலேறித் தீபகற்பம் முழுவதையும் கடந்தால்தான் பட்டப்படிப்பை எட்ட முடிந்தது. பயணச் செலவும் விடுதிச் செலவும் எழுத்தர் குடும்பங்களுக்கே சுமையாயின. தோட்டக் குடும்பங்களுக்கு எட்டாதவையாயின.

தமிழுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் அக்காலத்திலேயே. 1956இல் சிங்கப்பூரில் இந்தியவியல் துறை தொடங்கப்பெற்றது. அத்துறையில் தமிழ் முதன்மை பெற வேண்டுமெனச் சமூகம் குரலெழுப்பியது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி முன்னின்று நடத்திய 'தமிழ் எங்கள் உயிர்' இயக்கத்தின் வழி மலாயாவெங்கும் நிதி திரட்டப்பெற்றுப் பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்திற்கு அளிக்கப்பெற்றது. பின்னர்த் துறை கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது. தனிநாயக அடிகள் 1961இல் அதன் தலைமையை ஏற்றார். அவரது பெருமுயற்சியால் 1966 ஏப்ரலில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. தம் பிள்ளைகள் ஒருநாளும் காலடி வைக்கமாட்டார்கள் என்று அறிந்திருந்தும் ஒரு பல்கலைக்கழகத் துறைக்காக உழைப்பாளி மக்களும் பொருள் ஈந்தனர். அத்துறையில் பயிலும், பயிற்றும் நாம் இதனை மறத்தலாகாது.

இதே காலத்தில் பினாங்கில் மாணவருக்குக் கிட்டிய உயர்கல்வி ஆசிரியர் பயிற்சியே. 1957இல் குளுகோரில் மலாயா ஆசிரியர் கல்லூரி திறக்கப்பெற்றது. அதற்குச் சற்று முன்னர் இங்கிலாந்தின் கர்க்பியிலும் பிரின்ஸ்ஃபோர்டிலும் மலாயா மாணவருக்கெனப் பயிற்சிக் கல்லூரிகள் இயங்கின. படிக்கும்போதே உதவித்தொகை, முடித்தவுடன் வேலை, ஓய்வுக்குப் பின் ஊதியம் என்னும் மூன்றும் உறுதியாகக் கிடைத்த படிப்பு அன்று ஆசிரியப் பயிற்சி ஒன்றே. 'வாத்தியார் வேலை' தமிழ்க் குடும்பங்களின் கனவாக வேரூன்றியமைக்கு இவ்வுறுதிப்பாடே காரணம்.

படைமுகாம் வளாகமான வரலாறு

பினாங்கில் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டும் என்னும் தீர்மானம் 1962இல் மாநிலச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1967 ஆகஸ்டில் சுங்கை ஆராவில் துங்கு அப்துல் இரகுமான் அடிக்கல் நாட்டினார். 1969இல் பல்கலைக்கழகம் முறையாகத் தோன்றியது. தொடக்கத்தில் பினாங்குப் பல்கலைக்கழகம் எனவும், பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் எனவும் வழங்கப்பெற்றது. 1970இல் 57 அறிவியல் மாணவர்களோடு குளுகோர் ஆசிரியர் கல்லூரிக் கட்டடங்களில் வகுப்புகள் தொடங்கின. அடிக்கல் நாட்டிய இடத்தில் வளாகம் எழவில்லை. பிரித்தானியப் படை 1971இல் வெளியேறிய மிண்டன் முகாமே பல்கலைக்கழகத்திற்கு வாய்த்தது.

ஏறத்தாழ 240 ஹெக்டேர் பரப்புள்ள அவ்வளாகத்தில் படைமுகாமின் தடயங்கள் இன்றும் உள. அணிவகுப்புத் திடல் என்னும் பொருளுடைய 'பாடாங் காவாட்' என்ற பெயர் மாணவர் நாவில் வழங்குகிறது. பட்டமளிப்பு விழாவை ஒட்டி மாணவர்கள் நடத்தும் 'பெஸ்தா கொன்வோ' விழாவில் பொதுமக்களும் திரளாகக் கலந்துகொள்வர். கடைகளும் கலைநிகழ்ச்சிகளும் நிறைந்த அவ்விழாவின் வழியாகவே செபராங் பிறைத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் பல்கலைக்கழகம் ஒன்றின் உட்புறத்தை முதன்முதலில் கண்டன.

அறிவியல் பல்கலைக்கழகம் தொடக்கத்திலேயே இரு புதுமைகளைக் கைக்கொண்டது. புலங்களாகப் பிரியாமல் 'கல்விப் பள்ளிகள்' என்னும் அமைப்பில் துறைகளை ஒருங்கிணைத்தது ஒன்று. 1971இல் வளாகத்திற்கு வெளியிலிருந்தே பட்டம் பயிலும் தொலைக்கல்வித் திட்டத்தைத் தொடங்கியது மற்றொன்று. வேலையை விடாமல் பட்டம் பெற இத்திட்டம் வழி வகுத்தமையால் ஆசிரியர்கள் பலர் இதனைப் பயன்படுத்திக்கொண்டனர். பட்டம் முடித்துப் பணிக்குச் செல்வது ஒரு வரிசை; பணியிலிருந்துகொண்டு பட்டம் பெறுவது மற்றொரு வரிசை. இரண்டாம் வரிசையினர் விடுமுறையில் சில வாரங்கள் மட்டுமே வளாகத்தைக் கண்டனர். அவர்களது மாணவ வாழ்வு, பள்ளி முடிந்த பின்னர், வீட்டு மேசையில், இரவு விளக்கின் கீழ் நடந்தது.

அறிவியலோடு மனிதவியல், சமூக அறிவியல், கல்வியியல் ஆகியவற்றுக்கும் மிண்டன் வளாகம் இடமளித்தது. ஆனால், தமிழைத் தனித்துறையாகக் கொண்டு பட்டம் வழங்கும் அமைப்பு அங்கு உருவாகவில்லை. கோலாலம்பூரில் ஏற்கெனவே இந்தியவியல் துறை இருந்தமையும், புதிய பல்கலைக்கழகத்தின் முதல் நோக்கம் அறிவியலாக இருந்தமையும் இதற்குக் காரணங்கள் எனக் கருத இடமுண்டு. சமூகத்தின் பங்கையும் சேர்த்தே எண்ண வேண்டும். 1950களில் சிங்கப்பூர்த் துறைக்காக எழுந்ததையொத்த ஓர் இயக்கம் மிண்டன் வளாகத்திற்காக எழவில்லை.

வளாகமும் தொழிற்பேட்டையும்

பல்கலைக்கழகம் தோன்றிய 1969ஆம் ஆண்டே பினாங்கின் பொருளியல் திசைமாறிய ஆண்டுமாகும். தீவின் வணிகத்திற்கு ஆதாரமாயிருந்த தீர்வையற்ற துறைமுகத் தகுதி அவ்வாண்டில் நீக்கப்பெற்றது. வேலையின்மை பெருகியிருந்த அச்சூழலில், 1969 முதல் 1990 வரை முதலமைச்சராக இருந்த டாக்டர் லிம் சோங் இயூவின் அரசு பினாங்கு வளர்ச்சிக் கழகத்தை நிறுவியது. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் உருவாயிற்று. இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலட் பேக்கார்ட் முதலிய நிறுவனங்கள் அங்குத் தொழிற்சாலைகளை அமைத்தன. மிண்டன் வளாகமும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையும் சில கல் இடைவெளியில், சில ஆண்டு இடைவெளியில் எழுந்தமை கருதத்தக்கது. பட்டமும் பட்டத்திற்குப் பிந்திய வேலையும் அருகருகே அமைந்துவிட்டன.

தோட்டங்களில் அப்போது வேறொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. ஐரோப்பியர் வசமிருந்த தோட்டங்கள் துண்டாடப்பெற்றன. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமை பெறாதோருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்த பெற்றோர் பலர் வேலையிழந்தனர்; ஆயிரக்கணக்கானோர் தமிழகம் திரும்பினர். எஞ்சிய குடும்பங்களில் பிள்ளைகளின் கல்வி நெடுங்காலத் திட்டமாக இருக்க இயலவில்லை. படிவம் மூன்றையோ ஐந்தையோ முடித்த பெண்கள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி மின்னணுச் சாலைகளுக்குச் சென்றனர். அக்கா உற்பத்தி வரிசையில் ஈட்டிய ஊதியத்தில் தம்பியோ தங்கையோ ஆறாம் படிவம் வரை பயின்ற குடும்பங்களை நாம் அறிவோம். மிண்டன் வளாகத்தில் நுழைந்த முதல் தலைமுறைத் தோட்டத்துப் பட்டதாரிகளின் வரலாற்றில், அதே சாலையில் சற்று அப்பால் இரவுமுறை வேலை பார்த்த சகோதரிகளுக்கும் பங்குண்டு.

1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பெற்றது. தலைநிலத்து மாணவர் படகை மட்டுமே நம்பியிருந்த நிலை மாறியது. 2014இல் இரண்டாம் பாலம் பத்து காவானைத் தீவுடன் இணைத்தது. ஒருகாலத்தில் கரும்பும் பின்னர் செம்பனையும் விளைந்த பத்து காவான் இன்று தொழிற்பேட்டையாகத் திகழ்கிறது. கொள்ளுப்பாட்டனார் கரும்பு வெட்டிய மண்ணில் கொள்ளுப்பேரன் பொறியாளராகப் பணிபுரியும் வாய்ப்பு தோன்றியுள்ளது. அவ்வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிட்டியது என்பது வேறு வினா.

வாயில்களும் எண்ணிக்கையும்

1971இல் நடைமுறைக்கு வந்த புதிய பொருளாதாரக் கொள்கை பல்கலைக்கழக மாணவர் சேர்க்கையில் இன விகிதத்தைக் கருத்திற்கொண்டது. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாகத் தேசிய மொழிக்கு மாறின. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்றவர் புகுமுக வகுப்பில் ஓராண்டைச் செலவிட்டு இடைநிலைப் பள்ளியில் மலாய்மொழி வழிக் கல்வியைத் தொடர வேண்டியிருந்தது. மொழிமாற்றம், ஓராண்டு இழப்பு, குடும்ப வறுமை ஆகியவற்றைக் கடந்து எஸ்.டி.பி.எம். வரை வந்தோர் சிலரே. தாம் விரும்பிய படிப்பு அவர்கள் எல்லாருக்கும் கிடைத்துவிடவுமில்லை. கிடைத்த படிப்பையே விருப்பமாக மாற்றிக்கொண்டோர் பலர்.

இந்நெருக்கடிக்குச் சமூகம் பல வகைகளில் விடை தேடியது. 1979இல் பட்டதாரிகள் சிலர் கல்விச் சமூகநல ஆய்வு அறவாரியத்தைத் தொடங்கினர். 1982இல் மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் எம். தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தோற்றுவித்தார். பல்கலைக்கழக மாணவர்களே வார இறுதியில் பள்ளி மாணவருக்குப் பாடம் நடத்தும் முறை இதனால் நாடெங்கும் பரவியது. 2001இல் பினாங்கிற்கு வடக்கே கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் தோன்றியது. மெட்ரிகுலேஷன் கல்லூரிகளில் இந்திய மாணவருக்கு 2012இல் 1,500 இடங்களும் 2018இல் 2,200 இடங்களும் அறிவிக்கப்பெற்றன. 1996ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்விச் சட்டமும், 1997இல் தோன்றிய பி.டி.பி.டி.என். கடனுதவியும் வாயில்களை மேலும் விரித்தன. ஆனால், கடன் ஒரு புதிய சுமையையும் கொணர்ந்தது. முந்திய தலைமுறை மாணவர் பட்டத்தோடு வெளியேறினார். இன்றைய மாணவர் பட்டத்தோடும் திருப்பிச் செலுத்த வேண்டிய தொகையோடும் வெளியேறுகிறார். ஆய்வுப் பட்டத்தையோ எழுத்துத் துறையையோ நாடத் தயங்குவோரின் மனத்தில் அத்தொகையும் நிற்கிறது என்பதை நாம் உணர வேண்டும்.

வளாகத்துள் தமிழ்

துறை இல்லாத வளாகத்தில் தமிழ் எவ்வாறு வாழ்ந்தது? மாணவர் கழகங்களின் வழியே வாழ்ந்தது. பொங்கல் விழா, தீபாவளி ஒன்றுகூடல், பட்டிமன்றம், நாடகம், கலையிரவு, தோட்டப்பள்ளிகளில் நடத்தும் தன்முனைப்பு முகாம் ஆகியவை வேதியியலும் மருந்தியலும் கட்டடக் கலையும் பயின்ற மாணவர்களால் நடத்தப்பெற்றன. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1980களிலிருந்து நடத்திவரும் பேரவைக் கதைகள் போட்டி மாணவர் முயற்சி எத்துணை ஆழமாக இலக்கியத்தில் தடம் பதிக்கக்கூடும் என்பதற்குச் சான்று. அங்குத் துறையும் பேரவையும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. மிண்டனில் கழகத்திற்கு அத்தகைய துணை இல்லை. ஒரு தலைமுறை மாணவர் பட்டம் பெற்றுச் சென்றதும் அவர்கள் கட்டியெழுப்பியவை அடுத்த தலைமுறையினரின் நினைவை மட்டுமே நம்பியிருந்தன.

மாணவர் செயற்பாட்டின் எல்லையைச் சட்டமும் வரையறுத்தது. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம், 1974இல் பாலிங் விவசாயிகளுக்காக மாணவர் நடத்திய ஆர்ப்பாட்டத்திற்குப் பின்னர், 1975இல் மேலும் கடுமையாக்கப்பெற்றது. மாணவர் அரசியலில் ஈடுபடுதல் தடுக்கப்பெற்றது. 2012இல் அக்கட்டுப்பாடு ஓரளவு தளர்த்தப்பெறும் வரை ஏறத்தாழ நாற்பதாண்டுகள் பண்பாட்டுக் கழகங்களே தமிழ் மாணவர் ஒன்றுகூடுவதற்கான பாதுகாப்பான இடங்களாக இருந்தன. மேடையில் பரதமும் பட்டிமன்றமும் நிகழ்ந்தாலும், ஒத்திகைக்குப் பின்னர் விடுதி உணவகத்தில் நடந்த உரையாடல்கள் தோட்டப்பள்ளிகளின் கூரையைப் பற்றியும், வேலைவாய்ப்பைப் பற்றியும், தங்கை, தம்பியரின் படிவம் ஐந்துத் தேர்வைப் பற்றியுமே இருந்தன என்பதை அக்காலத்து மாணவர் பலர் நம்மிடம் கூறக் கேட்டுள்ளோம்.

இருவழிப் பிரிவு

மேற்கூறியவற்றால் பினாங்குத் தமிழ் மாணவர் முன் ஓர் இருவழிப் பிரிவு உருவாயிற்று எனலாம். எஸ்.டி.பி.எம். தேர்வில் தமிழில் சிறந்து விளங்கிய மாணவர், வீட்டிற்கு அருகில் பயில விரும்பினால் தமிழைப் பாடமாகத் துறக்க வேண்டும். தமிழைத் தொடர விரும்பினால் வீட்டைத் துறந்து கோலாலம்பூருக்கோ, 1997இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் நிறுவனத்திற்கோ செல்ல வேண்டும். வீட்டைவிட்டுச் செல்லுதல் செலவு மிக்கது. பெண்பிள்ளைகளைத் தொலைவுக்கு அனுப்பத் தயங்கிய குடும்பங்களில் அது நிகழாமலே போயிற்று. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் பட்டக் கல்வி வழங்கும் கழகங்களாக உயர்ந்த பின்னர்த் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக விரும்புவோரின் நிலை எளிதாயிற்று. எனினும், அஃது ஆசிரியக் கல்வியே. இலக்கியம், இலக்கணம், வரலாறு ஆகியவற்றில் ஆய்வாளரை உருவாக்கும் கல்வி அன்று.

இதன் விளைவுகள் இருபாலும் உள. துறையில் பயின்றவருக்குப் பட்டத்திற்குப் பின் ஆசிரியப் பணி தவிர வேறு வழி தோன்றுவதில்லை. அவர் வளாகத்தில் பயின்றது முழுவதும் பள்ளிப் பாடத்திட்டத்தை நோக்கிச் சுருங்கிவிடுகிறது. துறைக்கு வெளியே பயின்றவருக்கோ தமிழ், வளாகத்தில் வாழ்ந்த இனிய நினைவாக நின்றுவிடுகிறது. பொறியாளர், மருந்தாளர், கணக்காய்வாளர் எனப் பணியில் அமர்ந்த பின்னர் அவரது தமிழுக்குப் பயன்படும் இடம் கோயில் ஆண்டு மலரும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்க மேடையுமே. பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளின் சங்கங்களில் இத்தகைய பட்டதாரிகள் ஆற்றிவரும் பணி பெரிது. ஆயினும், தீவின் தமிழர் வரலாற்றைத் தமிழிலேயே எழுதும் ஆய்வாளர் எண்ணிக்கை ஏன் இத்துணைக் குறைவு என்னும் வினாவிற்கு விடை இப்பிரிவில்தான் உள்ளது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒரு தமிழ்த்துறை என்பது இயலாதது. ஓரிடத்தில் வலுவாக இருத்தலே நன்று என்பர். இஃது ஏற்கத்தக்க வாதமே. கோலாலம்பூரில் பல மாநிலத்து மாணவர் ஒன்றுகூடியமையால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. நாம் வலியுறுத்துவது வேறு. துறை ஓரிடத்தில் இருப்பின், அதன் பொறுப்பு அவ்விடத்தோடு முடிவதில்லை. பினாங்கில் இருந்துகொண்டே தமிழை ஒரு துணைப்பாடமாகவேனும் பல்கலைக்கழகத் தரத்தில் தொடர வழியுண்டா என்று வினவும் பொறியியல் மாணவருக்கும் அத்துறை விடை கூறக் கடமைப்பட்டுள்ளது. 1971இலேயே தொலைக்கல்வியைத் தொடங்கிக் காட்டிய பல்கலைக்கழகம் அமைந்த தீவு அது. வகுப்பறைக்கு வராமலே பட்டம் பயிலலாம் என்பது அங்குப் புதிய செய்தி அன்று.

முடிவுரை

பினாங்குத் தமிழ் மாணவரின் வளாக வாழ்வை ஏறத்தாழ இருநூறாண்டுப் பரப்பில் நோக்கினோம். ஒவ்வொரு காலத்திலும் படிப்பிற்குப் பின் என்ன என்னும் வினாவே படிப்பை வடிவமைத்துள்ளது. 19ஆம் நூற்றாண்டில் எழுத்தர் மேசையும், 1950களில் ஆசிரியர் கல்லூரியும், 1970களில் தொழிற்பேட்டையும் அவ்வினாவிற்கு விடையாயின. தமிழ் எக்காலத்திலும் அவ்விடைகளுள் ஒன்றாக முழுமையாக இடம்பெறவில்லை. ஆயினும் எக்காலத்திலும் மாணவரால் கைவிடப்படவுமில்லை.

ஆசிரியர்களாகிய நாம் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்க செயல்கள் இரண்டு உள. முதலாவது, இறுதியாண்டு மாணவரிடம் 'அடுத்து என்ன?' என்று வினவுவதோடு நில்லாமல், முந்திய மாணவர்கள் எங்குச் சென்றனர், எவ்வாறு சென்றனர் என்பதை ஒவ்வொரு துறையும் முறையாகப் பதிவு செய்து அவர் முன் வைத்தல் வேண்டும். இரண்டாவது, மிண்டன் வளாகத்திலும் பிற வளாகங்களிலும் மாணவர் கழகங்கள் வெளியிட்ட ஆண்டு மலர்கள், நிகழ்ச்சி நிரல்கள், நாடகப் படிகள், ஒளிப்படங்கள் ஆகியவற்றைத் தேடித் திரட்டுதல் வேண்டும். இவை நூலகங்களில் இல்லை. அன்றைய மாணவரின் வீட்டு அலமாரிகளில் உள்ளன. 1970களின் தொடக்கத்தில் அவ்வளாகத்தில் நுழைந்தோர் இன்று எழுபது வயதைக் கடந்துவிட்டனர். அவர்களது வாய்மொழியையும் அவர்கள் காத்து வைத்துள்ள தாள்களையும் இப்போது பெறாவிடின் பின்னர்ப் பெறுதல் அரிது. பினாங்கில் பணியாற்றும் தமிழாசிரியர்கள் தத்தம் பள்ளி வட்டாரத்திலுள்ள பழைய மாணவர் ஒருவரைக் கண்டு உரையாடி எழுதினாலும் அது நல்ல தொடக்கமாகும்.